இரவல் ரிமோட்

என் கணவர் லீவில் வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஹோம் தியேட்டரின் ரிமோட் வீட்டில் இல்லை என்று தெரிந்தது. அவர் வருவதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று ஸ்பீக்கர்கள் மேல் மூடியிருந்த துணிகளை எடுத்துவிட்டு, டி.வி.க்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்தேன். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பழைய கரண்ட் பில்கள், ஏசி ரிமோட் எல்லாம் இருந்தன. அது மட்டும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு. இரண்டாவது மாடி. நானும் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளும்தான். அவர் வளைகுடாவில் ஒரு எரிவாயு ஆலையில் கம்ப்ரஸர் ஆபரேட்டராக இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பத்தைந்து நாள் லீவு. ஆறு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு லீவில்தான் அந்த செட்டை வாங்கினார். முன்பக்கம் மூன்று ஸ்பீக்கர், பின்பக்கம் இரண்டு, தரையில் ஒரு பெரிய பெட்டி. ஆள் வைத்து மாட்டவில்லை. சுவரில் அவரே துளை போட்டு, ஒயர் கண்ணில் படாமல் ஓட்டி, ஒவ்வொரு ஒயரிலும் சீட்டு ஒட்டினார். பிறகு எங்கள் இருவரையும் சோபாவின் நடுவில் உட்காரவைத்து ஒரு படத்தில் வரும் மழைக் காட்சியைப் போட்டார். "இப்ப பின்னாலேர்ந்து பெய்யுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெய்கிறது என்று சொல்லும்வரை விடவில்லை.

பெட்டியில் பட்டன் இல்லாமல் இல்லை. போடலாம், அணைக்கலாம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் ரிமோட் இல்லாமல் போட்டால் அது பென் டிரைவைத் தேடிக்கொண்டு நிற்கும். டி.வி.யின் சத்தம் அதற்குள் வர வேண்டுமென்றால் ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தித்தான் மாற்ற வேண்டும். ரிமோட் இல்லையென்றால் மொத்த செட்டும் வெறும் மரப்பெட்டிதான்.

இதற்குப் போய் ஒருத்தி இவ்வளவு பயப்படுவாளா என்று கேட்கலாம். அவர் கை ஓங்குகிறவர் இல்லை, சத்தம் போடுகிறவரும் இல்லை. கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். போன லீவில், அந்தத் தரைப் பெட்டியின் மேல் நான் மணி பிளான்ட் தொட்டி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டார். தொட்டியை எடுத்தபோது அடியில் வட்டமாகத் தண்ணீர்க் கறை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு நாள் "ம்", "சரி", "வேண்டாம்" மட்டும்தான். இரண்டு வருடத்துக்கு நாற்பத்தைந்து நாள். அதில் நாலு நாள் போனது எனக்குப் பெரிய கணக்கு.

வீட்டைத் தலைகீழாக்கினோம். பீரோவுக்கு அடியில், கட்டில் இடுக்கில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தேடினோம். மகள் அரிசி டப்பாவைக்கூடக் கிளறினாள். கடைசியாக அதை யார் எடுத்தது என்று நாங்கள் மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம். இருவருக்கும் நினைவில்லை. மூன்றாம் நாள் எனக்குச் சட்டென்று பழைய சோபாவின் ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு முன்னால் புது சோபா வாங்கியபோது, பழையதை உப்பிலியபுரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு லோடு வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தோம். உடனே போன் செய்தேன்.

"சோபாவா? அதுல உங்க மாமா வெங்காயத்த பரப்பி வச்சிருக்காரு. எடுத்துட்டுப் பாக்கணும், இரு" என்றாள் அக்கா. கால் மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"கைய விட்டுத் துழாவிட்டேன்டி. ஒரு சீப்பு, ரெண்டு ஹேர்பின். அப்புறம் நாலா மடிச்ச ஒரு கணக்குப் பரீட்சை பேப்பர். முப்பத்தொண்ணு மார்க்கு. ரிமோட் இல்ல."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் அந்த முப்பத்தொன்றைப் பற்றிப் பேசியிருப்பேன்.

ஆன்லைனில் தேடினோம். அந்த மாடல் நின்றுபோய் மூன்று வருடமாகியிருந்தது. படத்தில் அச்சு அசலாக இருந்த ஒரு ரிமோட்டுக்கு ஆர்டர் போட்டோம். ஐந்தாம் நாள் வந்தது. பேட்டரி போட்டு அழுத்தினேன். பெட்டி அசையவில்லை. மகள் போன் கேமராவை ஆன் செய்து ரிமோட்டின் முனையைப் பார்த்தாள். அழுத்தும்போதெல்லாம் திரையில் ஊதாவாக ஒரு புள்ளி மினுக்கியது.

"ரிமோட் நல்லாதான்மா இருக்கு. இது சொல்றது அதுக்குப் புரியல" என்றாள்.

அவர் வர ஏழு நாள் இருந்தது. தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல் மலைக்கோட்டைக்குப் போனேன். தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ரிமோட் மட்டுமே விற்கும் கடை ஒன்று உண்டு. ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். கூரையிலிருந்து ரிமோட்டுகள் பிளாஸ்டிக் உறையோடு கொத்துக் கொத்தாகத் தொங்கின. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். பெட்டியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"டிவி ரிமோட்டுன்னா கண்ண மூடிட்டு எடுத்துக் குடுத்துருவேங்க. ஹோம் தியேட்டர் அப்படி இல்ல. ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. இந்த மாடலுக்கு எங்கயும் கிடைக்காது."

"வேற வழியே இல்லீங்களா?"

"ஒண்ணு இருக்கு. இதே செட்டு வேற யார் வீட்லயாவது இருந்தா அந்த ரிமோட்டக் கொண்டாங்க. அதுல இருக்கற பட்டன் ஒவ்வொண்ணயும் வேற ரிமோட்டுக்கு ஏத்தித் தரேன். ஆனா ஒரிஜினல் வேணும்."

வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்தில் அவருடைய போன் வந்தது. எந்த சாமான் வாங்கி வர வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். "என்ன?" என்றார். திரும்பச் சொன்னேன். மறுபடி "என்ன?" என்றார். என் குரல் நடுங்குவது அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் கேட்காமலேயே, "வீட்ல எல்லாம் நல்லா இருக்கு, செட்டு நல்லா இருக்கு" என்றேன்.

மறுநாள் லேபில் எல்லோரிடமும் போட்டோவைக் காட்டினேன். ரத்தம் எடுக்கும் பெண் போனை வாங்கி உற்றுப் பார்த்தாள். "எங்க மாமனார் வீட்ல இருக்கறது இதுதான்க்கா. கைலாசபுரத்துல. ஆனா அவரு அத யாரையும் தொட விட மாட்டாரு" என்றாள். மாலையில் மாடல் நம்பரைக் கேட்டுச் சொன்னாள். கடைசி எழுத்து மட்டும் வேறு. எனக்கு B, அவர்களுக்கு S. அந்த ஒரு எழுத்து இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டபோது, "அது கலருங்க. கருப்பு, சில்வர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். அவர் வருவது செவ்வாய்க்கிழமை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, திருவெறும்பூர் தாண்டி, கைலாசபுரத்துத் தொழிற்சாலைக் குடியிருப்பின் வாசலில் இறங்கினேன். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், வாசலுக்கு வாசல் மாமரம். அந்தப் பெண்ணின் மாமனார் அந்தத் தொழிற்சாலையில் இன்னும் ஒரு வருட சர்வீஸ் இருப்பவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு உள்ளே போய் ரிமோட்டை எடுத்து வந்தார். வாங்கும்போது இருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அதன் மேல் குறுக்காக ஒரு ரப்பர் பேண்ட்.

"இந்தக் கவர ஒரு நாள் கூட நான் கழட்டினது இல்லம்மா" என்றார். கையில்தான் வைத்திருந்தார், என்னிடம் நீட்டவில்லை.

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "குடுங்க. பாவம், வீட்டுக்காரரு வராருல்ல. அந்தப் பொண்ணு என்ன தூக்கிட்டா ஓடப் போவுது?"

"ஆறு மணிக்கு நான் பாட்டு கேப்பேன்" என்றார் அவர் என்னைப் பார்த்து.

"அஞ்சே முக்காலுக்கெல்லாம் இங்க இருப்பேங்க" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் என் பயம் முழு உருவம் எடுத்தது. எங்கள் ரிமோட்டைத் தொலைத்தவள் கையில் இன்னொருவர் ரிமோட். முதலில் பைக்குள் வைத்தேன். பையின் ஜிப் சரியில்லை என்பது நினைவுக்கு வந்ததும் வெளியே எடுத்து மடியில் வைத்தேன். பால்பண்ணையில் கூட்டம் ஏறியபோது கைக்குட்டையில் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "என்னங்க அது, மருந்தா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் எடுக்கக் கையை விட வேண்டியிருந்தது. அந்த அரை நிமிடம் அதை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டேன்.

கடைக்காரர் கண்ணாடி மேசையில் பெரியவரின் ரிமோட்டையும் ஒரு புது ரிமோட்டையும் தலைக்குத் தலை வைத்தார். இதில் ஒரு பட்டன், அதில் ஒரு பட்டன். புது ரிமோட்டில் சிவப்பு விளக்கு மூன்று முறை மினுக்கினால் ஏறிவிட்டது என்று அர்த்தம். உறையைக் கழற்றக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால், அதன் மேலாகவே அழுத்திக்கொண்டிருந்தார். பதினைந்து பட்டனில் பதினான்கு ஏறியது. டி.வி.க்கு மாற்றும் பட்டன் மட்டும் ஏறவில்லை. எனக்கு வேண்டியதே அந்த ஒன்றுதான்.

நாலரை மணி. மூன்று தடவை முயன்றார். நான்காவது தடவை பெரியவரின் ரிமோட்டைத் திருப்பி, "அழுத்தி அழுத்தி பேட்டரி இறங்கிடுச்சு. மாத்தினா ஏறும். கவரக் கழட்டணும்" என்றார்.

சரி என்று தலையை ஆட்டினேன். ரப்பர் பேண்டை எடுத்து என் வளையலில் மாட்டிக்கொண்டேன். அவர் உறையின் ஒட்டை நகத்தால் மெல்லப் பிரித்து, பேட்டரியை மாற்றி, கேமராவில் பார்த்தார். பிறகு அழுத்தினார். சிவப்பு விளக்கு மூன்று முறை மினுக்கியது. உறையைப் பழையபடி ஒட்ட அவரிடம் நல்ல டேப் இருந்தது. இருந்தாலும் ஒரு ஓரம் சுருங்கிவிட்டது.

பஸ்ஸை நம்பாமல் ஆட்டோ பிடித்தேன். போய் இறங்கியபோது ஐந்து ஐம்பது. பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார். உறையைப் பிரித்ததையும், ஏன் பிரித்தோம் என்பதையும் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன். அவர் உள்ளே போய் செட்டைப் போட்டு ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றேன். ஏதோ பழைய பாட்டு ஓட ஆரம்பித்தது.

"பேட்டரி வீக்காதான் இருந்திருக்கு. நானே இப்ப கிட்டப் போயிதான் அழுத்திட்டிருந்தேன்" என்றார். "உள்ள வாங்க, காபி சாப்பிட்டுட்டுப் போங்க."

அன்றைக்கு வீட்டில் எங்கள் செட் பேசியது. புது ரிமோட்டில் எழுதியிருந்ததற்கும் அது செய்யும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை என்பதால், மகள் வெள்ளைச் சீட்டு வெட்டி ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் எழுதி ஒட்டினாள். பார்த்த உடனே தெரிந்துவிடும், இது அந்த ரிமோட் இல்லை என்று. அதனால் பயம் தீரவில்லை. எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பதாக மாறியது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது காரில் மகள் பள்ளிக்கூடக் கதைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் சிரித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து குளித்தார், சாப்பிட்டார், தூங்கினார். செட்டின் பக்கம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. வேறு எந்த லீவிலும் வந்த அன்றைக்கே அதைப் போடாமல் இருந்ததில்லை. தெரிந்துவிட்டது, என் வாயால் வரட்டும் என்று காத்திருக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் புது ரிமோட்டை அவர் கையில் வைத்தேன்.

"பழசு தொலைஞ்சு போச்சுங்க. எங்க போச்சுன்னு தெரியல. தேடாத இடமில்ல. இது காப்பி எடுத்தது." ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் என் வாயையே பார்த்தார். பிறகு ரிமோட்டில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்தார். "போனா போவுது. இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சிய அப்படி வச்சிருந்த?" என்றார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அவர் டி.வி.யைப் போட்டு, மகள் எழுதியிருந்த பட்டனை அழுத்தினார். சத்தம் வந்தது. கூட்டினார். இன்னும் கூட்டினார். ஷோகேஸில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று உரசிக் கிணுகிணுத்தன. உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். கீழ்வீட்டில் நாய் குரைத்தது. அவர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரியா காப்பி ஆகலயோ? சத்தம் ரொம்பக் கம்மியா வருது" என்றார்.

நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் விளங்கிவிட்டது. அணைத்துவிட்டு, ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு, பால்கனிக்குப் போய் நின்றார்.

மகளை உள்ளே அனுப்பிவிட்டு நான் போனேன். அவரே சொன்னார். ஒன்றரை வருடமாக இடது காதில் ஒரே இரைச்சல். பிறகு பேச்சு மங்க ஆரம்பித்தது. காதைப் பிளக்கும் கம்ப்ரஸர் பக்கத்திலேயே பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். காதை மூட ஒரு கவசம் கொடுப்பார்கள், ஆனால் வெயிலில் அது வேர்த்து வழுக்கும், கழற்றிவிடுவார்களாம். திரும்பிப் போனதும் கம்பெனியில் மெடிக்கல் இருக்கிறது. அதில் காதையும் பார்ப்பார்கள்.

"ஊருக்கு வந்து பாத்துக்கலாம்னு இருந்தேன். வந்தா உங்கிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. வேலை போயிடுச்சுன்னா என்ன பண்றதுன்னு அங்க தூக்கமே இல்ல."

இத்தனை நாளும் நான் பயந்தது ஒன்று, அவர் பயந்தது ஒன்று. எனக்கு அழுகை வந்தது. ஆனால் வேறொன்று கேட்டேன். "போன தடவை அந்தத் தொட்டி விஷயத்துல நாலு நாள் பேசாம இருந்தீங்களே, அதுவும் இதனாலயா?"

கொஞ்சம் யோசித்தார். "இல்ல. அது கோவந்தான்" என்றார்.

லேபுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு காது டாக்டர் இருக்கிறார். மறுநாளே கூட்டிப் போனேன். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே டெக்னீஷியன் பட்டனை அழுத்தும்போதெல்லாம் மெஷினில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. நான் விளக்கையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்தது, கை எழுந்தது. விளக்கு எரிந்தது, கை மடியிலேயே இருந்தது. மறுபடி எரிந்தது, மறுபடியும் எழவில்லை. அவர் ஒரு நல்ல மாணவனைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, கவனமாக, எதிரே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க மற்றவர்களிடம் ரிப்போர்ட்டை நீட்டுவதுதான் என் வேலை. அவர்கள் ஏன் என் முகத்தைப் பார்க்கிறார்கள் என்பது அன்றைக்குப் புரிந்தது.

போனது திரும்பாது, மேலும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இரண்டு காதுக்கும் மெஷின். இரைச்சலான இடத்தில் இனி வேலை கூடாது. மெஷின் மாட்டிய முதல் நாள் அவர் எரிச்சலோடுதான் இருந்தார். குக்கர் விசில் தலைக்குள் அடிக்கிறது, மின்விசிறி கத்துகிறது, மகள் காகிதத்தைப் புரட்டுவது கூட அறைகிறது என்றார். ஒரு வாரத்தில் பழகியது. சாயங்காலங்களில் நாங்கள் மூன்று பேரும் காவேரிப் படித்துறைக்கு நடந்து போனோம். நான் அவருடைய வலது பக்கமாகவே நடந்தேன்.

ரிப்போர்ட்டைக் கம்பெனியில் காட்டுவதா மறைப்பதா என்று லீவின் மிச்ச நாட்கள் முழுவதும் பேசினோம். ஒரு நாள் காட்டலாம் என்று முடிவெடுப்போம், மறுநாள் மாற்றுவோம். மறைத்தாலும் மெடிக்கலில் தெரிந்துவிடும் என்று கடைசியில் மகள்தான் சொன்னாள். அவர் ரிப்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

அதன் பிறகு மூன்று வாரம். லேபில் என் போன் அதிரும்போதெல்லாம் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு எடுத்துப் பார்த்தேன். ஒருவர் ரிப்போர்ட்டை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, கூப்பிட்டுத் திரும்ப வாங்கினேன். இருபத்திரண்டாம் நாள் காலையில் செய்தி வந்தது. கம்ப்ரஸர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள், பகல் ஷிஃப்ட் மட்டும். இந்த ஒப்பந்தம் முடியும்வரை இருக்கலாம், அதற்கு மேல் தெரியாது.

சாயங்காலம் கூப்பிட்டார். ஸ்டோரில் உடன் வேலை செய்கிற இரண்டு பேரும் மலையாளத்தில் பேசிக்கொண்டே இருக்கிறார்களாம், பாதி புரியவில்லையாம்.

"காது கேக்கலன்னு நெனச்சுக்காத. கேக்குது. பாஷைதான் புரியல" என்றார். அதையே இன்னொரு தடவையும் சொன்னார்.